போன் யார் கையில்?

அன்புள்ள ஐயா,
வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். சமூக ஊடகப் பாவனை கிளிநொச்சி இளையோரின் மனநிலையைப் பாதிக்கிறதா என்பது என் ஆய்வு. வினாக்கொத்தை இணைத்துள்ளேன். 300 பேர் போதுமா, 400 வேண்டுமா?

அன்புள்ள பிள்ளை,
முந்நூறா நானூறா என்பதை உங்கள் மேற்பார்வையாளரோடு பேசுங்கள். என்னை மறித்தது நாலாவது கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் பாவிக்கிறீர்கள்?" இதற்கு ஒருவருக்கும் சரியான விடை தெரியாது. ஆய்வாளர் டக்ளஸ் பரி குழுவினர் 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, வாயால் சொன்ன நேரத்துக்கும் கருவி பதிந்த நேரத்துக்கும் இணைவு (இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் 1, தொடர்பே இல்லையென்றால் 0) 0.38 அளவில்தான் நின்றது. கோணல் அடிமட்டத்தால் 400 பேரை அளந்தாலும் கோணல் நிமிராது.

போனிலேயே கணக்கு இருக்கிறதே என்பீர்கள். யாருடைய போன்? முழங்காவிலில் ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்றால் பகலில் அம்மா, பள்ளி விட்டதும் தம்பி, இரவில் அக்கா. அம்மா கனடா மகனோடு வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம் கதைப்பார். காதில் வைத்ததும் திரை அணைவதால் அது திரைநேரத்தில் பெரிதாகச் சேராது. யூடியூப்பில் பக்திப்பாட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவார். ஆளில்லாத திரைக்குக் கணக்கு ஏறும். இந்த மூவரையும் கூட்டிப் பிரித்து "இளையோர் பாவனை" என்று எழுதப் போகிறீர்களா?

முதல் வாரம் கேள்வியே வேண்டாம். வீட்டுக்கொரு கொப்பி கொடுங்கள்: எந்நேரம், யார் கை, எந்தச் செயலி, கதைத்தாரா, பார்த்தாரா, பதிவு போட்டாரா. பிறகு 40 பேரை எடுத்து, 14 நாள், நாளுக்கு 5 தடவை, ஒரு நிமிடத்தில் முடியும் கேள்விகளை அனுப்புங்கள். முதற்கேள்வி: "இப்போது போன் யார் கையில்?" 2800 பதில் வரவேண்டும், வராது. எவை, எந்நேரம் விடுபட்டன என்று குறியுங்கள். அரிவுவெட்டுக் காலையிலும் விடுபடும், வீட்டில் சண்டை நடந்த இரவிலும் விடுபடும்; இரண்டும் தற்செயல் அல்ல. ஒருவரை அடுத்தவரோடு ஒப்பிடாமல் அவருடைய வழமையான நாளோடு ஒப்பிடுங்கள். கூடப் பாவிப்பவர்கள் கவலையானவர்கள் என்பது ஒன்று. கூடப் பாவித்த நாளில் அவருக்குக் கவலை கூடியது என்பது வேறொன்று.

டிக்டொக் கலாசாரத்தைச் சீரழிக்கிறதா என்ற கேள்வியை வெட்டுங்கள். பேஸ்புக் பெயரைக் கேட்கும் கடைசிக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம். படிவத்தோடு படலைக்கு வந்தவர்களை வன்னிச் சனம் கண்டு களைத்துவிட்டது. பெயர் எழுதினால் உதவி வரும் என்று ஒரு பதில், ஆள் தேடி வருவார்கள் என்று இன்னொரு பதில். உங்களுக்குப் பெயருக்குப் பதில் ஆளுக்கொரு குறியீட்டு இலக்கம் போதும். குழு உரையாடல்களின் ஸ்கிரீன்ஷொட்டும் கேட்காதீர்கள். அதில் எழுதிய மற்றவர்கள் சம்மதிக்கவில்லை.

கொப்பியை முதலில் உங்கள் வீட்டிலேயே ஒரு கிழமை வைத்துப் பாருங்கள். எந்த நிரல் காணாது என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.