“நான் வண்டியிலேயே படுத்துக்கிறேன் சார்”

(மலைப்பாதையில் 27 வருடம் சுற்றுலா வண்டி ஓட்டிய மேட்டுப்பாளையத்துக்காரர், பயணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். வாடகை கார், இரண்டு ராத்திரி. டிரைவர் எங்கே தங்குவார் என்று கேட்டால், “அதுக்குத்தானே பேட்டா கொடுக்கிறோம்” என்கிறார் கணவர். டிரைவரும் வண்டியிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இதற்கு மேல் நான் தலையிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகத் தலையிடுங்கள். அந்த டிரைவர் சொன்னதை 27 வருடம் நானும் சொல்லியிருக்கிறேன். வேறென்ன சொல்ல? ரூம் கேட்டால் அடுத்த டிரிப்புக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். பேட்டா சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் சரியாகப் போகும். சீசனில் ஊட்டியில் அந்தக் காசுக்குக் கட்டில் கிடைக்காது. கிடைத்தாலும், மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் மனசு வரும்.

டிசம்பர் கடைசியில் விடியற்காலை தலைக்குந்தா பக்கம் போய்ப் பாருங்கள். உப்பைக் கொட்டினாற்போல் புல்லெல்லாம் உறைபனி கிடக்கும். அந்தக் குளிரில் சீட்டைச் சாய்த்துப் படுத்தால் முதலில் கால் விரல் மரத்துப்போகும், அப்புறம் முழங்கால். விட்ட மூச்சு கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீராக வழியும். பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே தினசரிப் பேப்பரை மடித்துச் செருகிக்கொள்வேன். காலையில் பார்ட்டி பேப்பர் கேட்டால் எடுத்துக் கொடுக்கக் கூச்சமாக இருக்கும்! வண்டியை எடுத்தால், கிளட்ச்சை மிதித்தோமா இல்லையா என்று காலுக்கே தெரியாது.

ஹீட்டர் போட்டுக்கொள்ளட்டுமே என்பார் உங்கள் கணவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவனுக்குத் தெரியாமலே ஆளை முடித்துவிடும்.

ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி, நான் கூட்டிப்போன குடும்பத்துப் பாட்டி பதினோரு மணிக்கு ஷால் போர்த்திக்கொண்டு கீழே வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக லாட்ஜ் பையனிடம் போய், “அந்த மெத்தை ரூம் சாவி எங்கப்பா?” என்றார். பழைய மெத்தைகளைப் போட்டுவைக்கும் அறை அது; சாயங்காலமே கவனித்துவைத்திருக்கிறார். ஒரு மெத்தை கீழே, ஒரு மெத்தை மேலே. பூச்சி உருண்டை நாற்றம் தாங்கவில்லை. ஆனாலும் ஊட்டியில் நான் தூங்கிய தூக்கம் என்றால் அதுதான்.

விடுதிகளில் டிரைவர்கள் தங்க இடமும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. அதனால் கூச்சப்படாமல், ரூம் புக் பண்ணும்போதே போனில் கேளுங்கள்: “டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா? வெந்நீர் வருமா?” “பார்க்கிங் இருக்கு மேடம்” என்று பதில் வந்தால், இடம் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் வேறு விடுதி பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு சின்ன அறை போட்டுக்கொடுங்கள்.

கணவருக்கு இரக்கம் எட்டவில்லையா, கணக்கு எட்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் உங்கள் பிள்ளைகள். ஸ்டியரிங்கில் இரண்டு ராத்திரி தூங்காதவன்.

கேள்வி: ஊட்டி போகும்போது வீட்டிலிருக்கும் பழைய ஸ்வெட்டர், கம்பளிகளை எடுத்துப்போய் யாருக்காவது கொடுக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கொடுங்கள். துவைத்து, ஜிப் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் பழனி மலைப்பக்கத்து ராஜா, அவருக்குச் சரிப்பட்டது. நாம் அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ராத்திரி வாட்ச்மேன், அதிகாலையில் தெருக் கூட்டுகிறவர்கள், சாலையோரம் கேரட் விற்கிற அம்மாக்கள் என்று நீங்கள் பார்க்கிறவர்களிடமே கொடுக்கலாம். போட்டோ வேண்டாம். மங்கி குல்லா இருந்தால் விடாதீர்கள். அப்புறம், பையில் நாலு ஜோடி சாக்ஸும் போட்டுக்கொள்ளுங்கள்; ஸ்வெட்டர் கொடுக்க ஆள் உண்டு, சாக்ஸ் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.