ஆறுதலாக ஊர் பார்க்கப் போகிறவர்கள் வாடகை வானுக்கு விலை எப்படிப் பேச வேண்டும்?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் அண்ணனின் குடும்பம் செப்டெம்பர் கடைசியில் திருகோணமலைக்கு வருகிறது. ஒன்ராறியோவில் இலையுதிர் காலம் வந்தால் அவர்கள் வார இறுதியில் காரில் புறப்பட்டு, பண்ணைகளிலும் சிற்றூர்ச் சந்தைகளிலும் நின்று நின்று போவார்களாம். இங்கும் அதே மாதிரி மூன்று நாட்கள் அவசரமில்லாமல் கிராமங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வயதான அம்மாவும் பிள்ளைகளுமாக நாங்கள் எட்டுப் பேர். ஒரு வான்காரர் கிலோமீற்றர் கணக்கிலும் இன்னொருவர் நாள் கணக்கிலும் விலை சொல்கிறார்கள். எதை ஏற்பது? எந்த வழியாகப் போவது? வழியில் தயிர், தேன், கருவாடு வாங்கும்போது எதைக் கவனிப்பது?
— ஒரு வாசகி, உவர்மலை

பதில்: நீங்கள் தெரிவு செய்த காலம் நல்ல காலம். ஒன்ராறியோவில் இலை சிவந்து உதிரும் அதே வாரங்களில் நம் பக்கத்தில் சிறுபோக அறுவடை முடிந்து, நெல் மூட்டைகள் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். பெரும்போகத்துக்கு வயல் உழத் தொடங்கும். வடகீழ்ப் பருவமழை கிழக்கில் வலுப்பது பெரும்பாலும் நவம்பரில்தான் என்றாலும், ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்தே பிற்பகல் மழையும் இடியும் வரத் தொடங்கும் என்பதால், பயணத்தை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். மழை வலுத்துவிட்டால் வெருகல் பக்கம் மகாவலி வெள்ளம் ஏறும்; அந்த நிலைமையில் முதியவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

இனி வான். உங்கள் கேள்வியின் மையம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கிலோமீற்றர் கணக்கு, கொழும்புக்குப் போய்த் திரும்புவது போன்ற நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றது. நீங்கள் போக நினைப்பதோ அதிகம் ஓடாத, அதிகம் நிற்கிற பயணம். அப்படிப்பட்ட பயணத்தைக் கிலோமீற்றர் கணக்கில் பேசினால், வண்டி நிற்கும் ஒவ்வொரு மணிநேரமும் சாரதிக்கு நட்டமாகிறது. அவர் மரநிழலில் நின்றபடி மணியைப் பார்க்கத் தொடங்குவார், நீங்களும் சந்தையைப் பாதியில் விட்டு ஏறுவீர்கள். இதில் அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை, பேச்சுவார்த்தையே அப்படி அமைந்துவிட்டது. ஆகையால் நாள் கணக்கை ஏற்பதே உங்களுக்கு நல்லது என்பது என் முடிவு. கேட்கும்போது சற்றுக் கூடுதலாகத் தோன்றினாலும், காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்தே அந்த விலை சொல்லப்படுகிறது.

ஆனால் “நாள் கணக்கு” என்ற சொல்லை மட்டும் நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். பலர் நாளொன்றுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று ஓர் எல்லை வைத்து, அதற்கு மேல் ஓடுவதைத் தனியாகக் கணக்கிடுவார்கள். அந்த எல்லை எவ்வளவு, கணக்கு உங்கள் வீட்டு வாசலில் தொடங்குகிறதா அல்லது வான்காரரின் வீட்டிலிருந்தா, டீசல் யாருடையது, ஏசிக்குத் தனிப் பணம் உண்டா, சாரதியின் சாப்பாடும் இரவுத் தங்கலும் யார் பொறுப்பு, காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை ஒரு நாள், மழையால் பயணம் தள்ளிப்போனால் முற்பணம் என்னவாகும் என்பவற்றைக் கேட்டு, இருவரும் ஒத்துக்கொண்டதை வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக எழுதி அனுப்பி, “சரி” என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர், உறவுக்காரர் என்றால் இன்னும் அவசியம். பணத்தால் வரும் மனக்கசப்பு உறவில்தான் நீண்ட நாள் நிற்கும்.

அதைவிட முக்கியமானது காப்புறுதி. தனிப்பட்ட பாவனைக்கென்று காப்புறுதி செய்யப்பட்ட வாகனத்தை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. காப்புறுதிச் சான்றிதழில் வாடகைப் பாவனை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கக் கேளுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியையும், டயர்களையும், எட்டுப் பேருக்கும் ஒழுங்கான இருக்கை உண்டா என்பதையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வழியைப் பொறுத்தவரை, தெற்கே போய் மேற்கே முடிப்பது நல்லது. முதல் நாள் கிண்ணியாப் பாலம் கடந்து மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை என்று கரையோர வீதியால் மட்டக்களப்புக்குப் போகலாம். தூரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். ஒரு காலத்தில் இவ்வழியில் துறைக்குத் துறை, வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் படகுப் பாதைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது, மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்துவிட்டன. இரண்டாம் நாள் மட்டக்களப்புச் சந்தையிலும் வாவிக் கரையிலும் கழித்துவிட்டுப் பிற்பகல் தொடக்கத்திலேயே திரும்புங்கள். மூன்றாம் நாளைத் தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் அங்கு வாங்கும் தயிர். மூன்று நாள் வெயிலில் வானுக்குள் வைத்திருக்கக்கூடிய பொருள் அல்ல அது. வெள்ளிக்கிழமை நண்பகலில் கிண்ணியா, மூதூர், ஓட்டமாவடியில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும். வாரச்சந்தை நாள் ஊருக்கு ஊர் மாறுவதால், அந்தந்த ஊரில் தெரிந்தவரிடம் முதல்நாளே கேட்டுவிடுங்கள். பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். காட்டோர வீதிகளில் யானை இறங்கும் நேரம் அது. வீதியோரத்தில் நிற்கும் யானைக்குப் பிள்ளைகள் பழம் நீட்ட ஆசைப்படுவார்கள், ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

தயிரைச் சட்டியின் உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சுவர் தடித்த சட்டியில் கொள்ளளவு குறையும். எத்தனை லீற்றர் சட்டி, எப்போது உறையிட்டது என்று கேளுங்கள். மேலே நீர் விட்டு, ஓரம் பிரிந்திருந்தால் வேறு சட்டி கேட்பதில் வெட்கம் வேண்டாம். எருமைத் தயிர் என்று சொல்லி மாட்டுத் தயிரை அதே விலைக்குக் கொடுப்பதும் உண்டு. கெட்டியும் வெண்மையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

தேன்தான் அதிகம் ஏமாறும் பொருள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது ஆகிய எதுவும் சீனிப் பாகைக் கண்டுபிடித்துத் தராது. உறைந்திருப்பதும் கலப்படத்துக்கு அடையாளம் அல்ல, நல்ல தேனும் உறையும். தேனெடுக்கிறவரை ஊரார் மூலம் அறிந்து வாங்குங்கள், அல்லது முதலில் சிறிய போத்தல் ஒன்று வாங்குங்கள். வீதியோரத்தில் பெரிய போத்தல்களை வரிசையாக அடுக்கி “காட்டுத் தேன்” என்று விற்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

கருவாடு எடைக்கு விற்கப்படுவதால் ஈரத்துக்கும் உப்புக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறீர்கள். வளைத்தால் நொய்ந்து மடிவதும், மேலே உப்பு படிந்திருப்பதும் வேண்டாம். அறுவடைக்குப் பிந்திய காலம் என்பதால் அரிசி வாங்கவும் ஆசை வரும். புது அரிசி குறைந்த தண்ணீரில் குழைந்துவிடும், ஆகவே பழையதா புதியதா என்று கேட்டே மூட்டையை ஏற்றுங்கள்.

தங்குமிடத்துக்கு ஒரு குறிப்புப் போதும். சொல்லும் விலைக்குள் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், வரி அறவிடுபவர்களாயின் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் அடங்குமா என்று முன்பே கேளுங்கள். செப்டெம்பர் கடைசியில் கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் முடிவதால் விலை குறைத்துக் கேட்கவும் இடமுண்டு.

கேள்வி: அண்ணன் தானே ஓட்ட விரும்பினால், கனடா அனுமதிப்பத்திரம் போதுமா?

பதில்: அது மட்டும் போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மூலம் பெற வேண்டும். பெற்றாலும் என் ஆலோசனை, சாரதியோடு போவதே. இங்கு இடப்பக்க ஓட்டம். வீதியில் மாடும், காயவைத்த நெல்லும், வெளிச்சமில்லாத சைக்கிளும் இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஊர் பார்க்கக் கிடைக்காது.

கேள்வி: வாங்கிய பொருளிலோ சேவையிலோ ஏமாந்தால் என்ன செய்வது?

பதில்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும், விலைப்பட்டியலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். முதலில் கடைக்காரரிடமே சாந்தமாகச் சொல்லுங்கள், கிராமத்துச் சந்தையில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், பற்றுச்சீட்டின் பிரதியையும் வட்ஸ்அப் செய்தியையும் இணைத்து, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். அண்ணன் கனடா திரும்பும் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். வானுக்குப் பணம் கொடுத்தவர் அவராயின், அவர் இங்கிருக்கும்போதே அவருடைய கையொப்பத்தோடு முறைப்பாட்டை அனுப்பிவிடுங்கள்.