மாகாணி எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எண்சுவடி என்னும் பழைய வாய்பாட்டு நூல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு முந்திரி, காணி, மா என்று பழைய பின்னங்களை அட்டையில் எழுதி வகுப்பில் மாட்டினேன். பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்டச் சொன்னால் 2/100 என்கிறார்கள். இந்த மரபுக் கணக்கால் வகுப்புக்கு என்னதான் பயன்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் கேட்ட கூட்டலுக்கு விடை உங்கள் அட்டையிலேயே இருக்கிறது. 1/20 என்பது மா, 1/80 என்பது காணி. சேர்த்துச் சொல்லுங்கள்: மாகாணி, அதாவது 1/16. ஒரு மாவுக்கு நான்கு காணி. கூட ஒரு காணி சேர்ந்தால் ஐந்து. 5/80. பகுதியைச் சமமாக்குவது பற்றி நாம் அரை மணி நேரம் பேசுவதை, 'எல்லாவற்றையும் காணியாக மாற்று' என்று சொல்லி முடித்துவிடலாம். சில்லறை மாற்றுவது மாதிரிதான்.

அப்புறம், அரைக்கால். இதில் கூட்டல் இல்லை. காலில் பாதி, 1/8. ஆனால் 'காலே அரைக்கால்' என்றால் 3/8. நடுவில் வரும் ஏகாரம்தான் கூட்டல் குறி. பிள்ளைகள் தினமும் சொல்கிற ஒன்றேகால், இரண்டேமுக்கால் எல்லாம் இப்படித்தான். கலப்புப் பின்னத்துக்குள் கூட்டல் ஒளிந்திருப்பதை அவர்கள் வாயாலேயே கேட்க வைக்கலாம். ஒன்றரையில் மட்டும் ஏன் ஏகாரம் காணோம் என்று ஒருத்தி கேட்பாள். தமிழ் டீச்சரிடம் அனுப்பிவிடுங்கள்!

ஒப்பிக்க வைப்பதை விட்டுவிடுங்கள். திண்ணைப் பள்ளியில் அதற்குத் தேவை இருந்தது. நிலத்தையும் நெல்லையும் அந்தக் கணக்கில்தான் எழுதினார்கள். முந்திரி 1/320 என்று பெருமைப்படுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாடம் அது இல்லை.

காரணிகள் நடத்தும்போது சிக்குக் கோலத்துக்குப் போங்கள். நேர்ப்புள்ளி, அதாவது நேர் வரிசையில் வைத்த புள்ளிகள், 3-க்கு 4. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் கோடு குறுக்கே வெட்டிப் போக வேண்டும். ஒரே கோட்டில் முடிந்துவிடும். 4-க்கு 6 வைத்தால் இரண்டு கோடு, 3-க்கு 3 என்றால் மூன்று. கோடுகளின் எண்ணிக்கைதான் மீப்பெரு பொதுக் காரணி என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். 6-க்கு 9 போடுவதற்கு முன் எத்தனை வரும் என்று மட்டும் கேளுங்கள். அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் இதே சாயலில் வரைகிறார்கள். அந்தக் கோடுகளைப் பள்ளிக் கணக்குக்குக் கொண்டுவர உழைத்தவர் மொசாம்பிக்கின் கணிதவியலாளர் பவுலஸ் ஜெர்டஸ்.

பையன்கள் கையிலும் சாக்பீஸைக் கொடுங்கள். கோலம் என்றதும் பின்பெஞ்சுக்கு நழுவிவிடுவார்கள்.