கேளுங்கள்: சின்ன ஊர் தாங்குமா ஒரு ஹாக்கி அணியை?

கேள்வி: அட்லாண்டா மாதிரி பெரிய நகரத்திலேயே ஓடாத என்.எச்.எல். (வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்) அணியைக் கனடாவின் வின்னிபெக்குக்குக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு சின்ன ஊர் அதை எத்தனை நாள் தாங்கும்?

பதில்: தாங்கும், பதினைந்து வருடமாகத் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறது. 2011இல் அந்த அணி கைமாறியபோது அட்லாண்டா வட்டாரத்தின் மக்கள்தொகையில் வின்னிபெக் ஏழில் ஒரு பங்குதான். ஆனாலும் 13,000 சீசன் டிக்கெட் விற்றுக் காட்டுங்கள் என்று கேட்டதும், அதுவரை அங்கே ஆடிவந்த மைனர் லீக் (கீழ்நிலை லீக்) அணியின் சந்தாதாரர்கள் முதலில் வாங்கிக்கொள்ள, மிச்சத்தைப் பொதுமக்களுக்குத் திறந்த நாளில் 17 நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துபோனது. அதுவும் மூன்று முதல் ஐந்து வருடத்துக்குக் கட்டுப்பட்டு வாங்கியவை.

எல்லோரும் இந்த 17 நிமிடக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததில்தான் அக்கறை. ஒரு சீசனில் சொந்த ஊரில் நாற்பதுக்கு மேல் ஆட்டம். பெரிய நகரத்தில் இன்றைக்கு ஒரு கூட்டம், நாளைக்கு வேறு கூட்டம் என்று நாற்காலி நிறைந்துவிடும், ஊருக்கு வந்த வெளியூர்க்காரர்களும் சும்மா எட்டிப் பார்ப்பார்கள். சின்ன ஊரில் வருவதெல்லாம் அதே முகங்கள், பணம் எடுப்பதும் அதே பாக்கெட்டிலிருந்து. ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை ராத்திரி, வெளியே மைனஸ் 25, அணி தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றிருக்கிறது, காலையில் வேலைக்குப் போக வேண்டும், அப்போதும் கிளம்பி வர வேண்டும். டொராண்டோவில் டிக்கெட்டைக் கம்பெனிகள் வாங்கி வாடிக்கையாளரைக் கூட்டிவரும். வின்னிபெக்கில் பெரிய தலைமை அலுவலகங்கள் கொஞ்சம், டிக்கெட் பெரும்பாலும் சாதாரணக் குடும்பங்களின் கையில். வீட்டில் ஒரு குழந்தை பிறந்தாலோ ஒருவர் ஓய்வு பெற்றாலோ முதலில் வெட்டு விழுவது அதில்தான். அந்த 13,000, 2024 வாக்கில் ஏறக்குறைய 9,500 ஆகிவிட்டது. அதாவது அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே!

கேள்வி: இதே ஊர் 1996இல் அணியைப் பறிகொடுத்ததே, அப்போது ரசிகர்கள் இல்லையா?

பதில்: ரசிகர்களா? அணியைக் காப்பாற்றப் பிள்ளைகள் உண்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள் சார். குறை அங்கே இல்லை. வரவு கனடிய டாலரில், வீரர்களின் சம்பளம் அமெரிக்க டாலரில். அந்தக் காலத்தில் ஒரு கனடிய டாலர் கொடுத்தால் எழுபத்து மூன்று அமெரிக்கக் காசுதான் வரும். சம்பளத்துக்கு உச்சவரம்பும் கிடையாது, நியூயார்க் எவ்வளவு கொடுக்கிறதோ அதோடு போட்டி போட வேண்டும். பழைய அரங்கமோ 1955இல் திறந்தது, கூரையிலிருந்து எலிசபெத் ராணியின் பிரம்மாண்டமான படம் தொங்கும், ஆனால் காசு பார்க்கக்கூடிய சொகுசு அறைகள் போதாது.

2004-05 சீசன் முழுவதும் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் நடந்த சம்பளத் தகராறில் போனதே, அதற்குப் பிறகுதான் சம்பள உச்சவரம்பு வந்தது, முதல் வருடம் 39 மில்லியன் அமெரிக்க டாலர். 2011 வாக்கில் கனடிய டாலரும் அமெரிக்க டாலருக்குச் சமமாக நின்றது. நகர மையத்தில் புது அரங்கமும் தயார். மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்தது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம், இதைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். 2025-26இல் உச்சவரம்பு 95.5 மில்லியன் ஆகிவிட்டது, கனடிய டாலரோ மறுபடி எழுபது சொச்சம் காசில்.

அப்புறம், 1996இல் ஃபீனிக்ஸுக்குப் போன அந்த அணி அங்கேயும் உருப்படவில்லை. கடைசி இரண்டு சீசன் ஐயாயிரம் இருக்கைகூட இல்லாத பல்கலைக்கழக அரங்கத்தில் ஆடிவிட்டு, 2024இல் வீரர்கள் மொத்தமாக சால்ட் லேக் சிட்டிக்கு மூட்டை கட்டினார்கள். பெரிய ஊர் என்றால் பத்திரம் என்று யார் சொன்னது?

கேள்வி: கியூபெக் நகரத்தில் அரங்கம் கட்டிவைத்தும் அணி வரவில்லையே?

பதில்: கல்யாண மண்டபம் கட்டிவிட்டு மாப்பிள்ளை தேடுகிற கதை. 2015இல் திறந்தது, 18,000க்கு மேல் இருக்கை, பெரும்பாலும் அரசுப் பணம். புது அணிக்கு விண்ணப்பித்தவர்களில் லாஸ் வேகாஸுக்கு 2016இல் 500 மில்லியன் அமெரிக்க டாலர் கட்டணத்தில் இடம் கிடைத்தது, கியூபெக்கை ஒத்திவைத்தார்கள். கியூபெக் இருக்கும் கிழக்குப் பிரிவில் அப்போது ஏற்கெனவே 16 அணி, மேற்கில் 14. கனடிய டாலர் சரிந்துகொண்டிருந்த நேரம் வேறு. இந்த ஊர் 1995இல் டென்வருக்கு அனுப்பிய அணி மறு வருடமே லீக்கின் சாம்பியன் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது, அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கேள்வி: அப்படியானால் குறைந்தபட்சம் எத்தனை லட்சம் பேர் வேண்டும்?

பதில்: தலையை எண்ணாதீர்கள். நஷ்டம் வந்தாலும் விற்று ஓடாத உரிமையாளர் ஒருவர் இருக்கிறாரா, அரங்கமும் அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். வின்னிபெக் அணியின் பங்குதாரர் டேவிட் தாம்சன் கனடாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்.

கேள்வி: வின்னிபெக்குக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து சீசன் டிக்கெட் எடுக்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். சேரலாமா?

பதில்: சேருங்கள். செப்டம்பரில் யாராவது ஒருவர் வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டு எடுத்து, ஒவ்வொருவராக ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பீர்கள். டொராண்டோ, மான்ட்ரியல் ஆட்டங்கள் முதல் சுற்றிலேயே போய்விடும், புது ஆளுக்கு மிஞ்சுவது அந்த ஜனவரிச் செவ்வாய்க்கிழமைகள்தான், கோபப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய கீதத்தின் நடுவில், அணியை வைத்திருக்கும் கம்பெனியின் பெயரும் அதுதான் என்பதால், ‘ட்ரூ நார்த்’ என்ற வரி வந்ததும் அரங்கமே திடீரென்று கத்தும், கையில் சூடான காபி வைத்திருக்காதீர்கள்.