அபராதம் என்று கட்டிய பணமும் அறியாமல் போன பணமும்

மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டணம் கட்டிப் பார்க்க வேண்டிய வயதுவந்தோர் படங்களை இலவசமாகக் காட்டுவதாகச் சொன்ன ஒரு திருட்டு இணையதளத்தைச் சனிக்கிழமை இரவு திறந்திருக்கிறார். ‘இந்த ப்ளேயரை நிறுவினால்தான் படம் ஓடும்’ என்று வந்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) நிறுவிய சற்று நேரத்தில், அசோகச் சின்னத்துடன் ஒரு நோட்டீஸ் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. 12 மணி நேரத்துக்குள் அபராதம் கட்டாவிட்டால் கைது என்று அதில் இருக்கவே, பயந்துபோய் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து 29,000 ரூபாய் கட்டிவிட்டார். விடிவதற்குள், குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்திலிருந்து மேலும் 46,500 ரூபாய் அவர் அறியாமலேயே போய்விட்டது. இப்போது ஒருவன் தொலைபேசியில் அழைத்து, இன்னும் 50,000 தராவிட்டால் உறவினர் எல்லோருக்கும் சொல்லிவிடுவதாக மிரட்டுகிறான். “புகார் கொடுக்கப் போனால் என்னையே பிடித்துவிடுவார்களா? ஊரில் தெரிந்துவிடுமா?” என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதம் செவ்வாய் இரவு வந்தது. இதழ் வெளிவரும் வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள் என்றும், மறுநாளே வங்கியில் எழுத்துமூலம் தெரிவியுங்கள் என்றும் அப்போதே உங்களுக்கு எழுதிவிட்டேன். மற்றவற்றை இங்கே விளக்குகிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். வயதுவந்தோர் நடித்த படத்தை ஒருவர் தம் வீட்டில் தனியாகப் பார்ப்பதைக் குற்றமாக்கும் பிரிவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் இல்லை, குற்றங்களுக்கான தண்டனையைச் சொல்லும் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. அத்தகைய படங்களை வெளியிடுவதும் பிறருக்கு அனுப்புவதும்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளின் கீழ் குற்றம். திருட்டு நகலை இறக்கிப் பிறருக்குப் பரப்பியிருந்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவும் சேரும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்கிறீர்கள். குழந்தைகள் இடம்பெறும் காட்சிகளுக்கு இந்த விளக்கம் அறவே பொருந்தாது. அவற்றைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமல்ல என்ற வகையில் அமைந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று ரத்து செய்துவிட்டது.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 292’ என்று அதில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. பணம் போன யூபிஐ கணக்கோ ஒரு தனிநபரின் பெயரில் இருக்கிறது. எந்தக் காவல் துறையும் திரையை மறைத்து, தனியார் கணக்கில் அபராதம் வசூலிப்பதில்லை. அரசு ஊழியராக நடித்தது, ஏமாற்றியது, மிரட்டிப் பணம் பறிக்கப் பார்ப்பது ஆகியவை சன்ஹிதாவின் 204, 318, 308 பிரிவுகளின் கீழும், கணினி வழி ஆள்மாறாட்டம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின் கீழும் வரும் குற்றங்கள். அழைப்பவனுக்கு இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான்.

இனிதான் முக்கியமான விஷயம். இந்த இரண்டு தொகைகளும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. 46,500 ரூபாய் உங்கள் அனுமதியின்றிப் போனது. நீங்கள் நிறுவிய செயலி, கேட்ட அனுமதிகளையெல்லாம் பெற்றுக்கொண்டு, ஓடிபி குறுஞ்செய்திகளைத் தானே படித்து அனுப்பியிருக்க வேண்டும். இதற்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதி துணை நிற்கும்: தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாத நிலையில், தகவல் வந்த நாளை விட்டு மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. கவனக்குறைவு உங்களுடையது என்று வங்கி வாதிடத்தான் செய்யும். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. தெரிவித்த பிறகு போகும் பணம் எப்படியும் வங்கியின் பொறுப்பு. 29,000 ரூபாயோ நீங்களே ரகசிய எண்ணைப் (PIN) போட்டு அனுப்பியது. அதை வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. காவல் துறை அந்தக் கணக்கை முடக்கினால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து பெற வேண்டும்.

ஆகவே புகாரில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வெட்கப்பட்டு, ‘ஏதோ லிங்க் வந்தது, தொட்டேன்’ என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். இப்படி மாற்றி எழுதிய புகார்கள், செல்போனை ஆய்வு செய்யும்போது முரண்பட்டு, உண்மையாகவே பணத்தை இழந்தவரைச் சந்தேகத்துக்கு ஆளாக்குகின்றன. ‘ஒரு இணையதளத்தில் படம் பார்க்க முயன்றபோது’ என்ற ஒரு வரி போதும். என்ன படம் என்று விவரிக்க வேண்டியதில்லை.

உள்ளூர் காவல் நிலையத்தில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று தயங்கினால், தஞ்சாவூரிலும் கொடுக்கலாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. பிறகு அது உங்கள் மாவட்டத்துக்கு மாற்றப்படும் என்பதையும் அறிந்திருங்கள்.

செல்போனை விமானப் பயன்முறையில் வைத்து, சிம்மைக் கழற்றி ஒரு சாதாரண பட்டன் போனில் போடுங்கள். செயலியை இப்போதே அழிக்காதீர்கள். அதன் பெயர், தளத்தின் முகவரி, மிரட்டல் அழைப்புகளின் எண்கள் எல்லாவற்றையும் வேறொரு போனால் படமெடுத்த பிறகு, காவல் துறையினர் வேண்டியதை எடுத்துக்கொண்டதும் போனை முழுமையாக அழித்து மீட்டமைக்கலாம். ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணும் புகாரில் இருக்க வேண்டும். வங்கியில் கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அந்த நகலை இணைத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது.