இசைக் கல்லூரித் தியரித் தாளுக்கு 72 மேளத்தையும் உருப்போட வேண்டுமா?

கேட்டவர் திருவையாறு இசைக் கல்லூரியில் சேரப்போகிறவர். பாட்டு நன்றாக வருகிறது, தியரிதான் பயம் என்கிறார்.

உருப்போடாதீர்கள். மேளம் என்பது ஏழு சுரமும் வரும் தாய் ராகம், மொத்தம் 72. நடுவில் ஒன்று மறந்தால் மிச்சமெல்லாம் சரிந்துவிடும். எண்ணிலிருந்து சுரத்தைப் பிடிக்கப் பழகுங்கள். மேள எண் 36-ஐத் தாண்டினால் பிரதி மத்யமம் (ம2), 36-ஐக் கழித்துவிடுங்கள். பிறகு ஒன்றைக் குறைத்து ஆறால் வகுங்கள். ஈவு ரி-க ஜோடியைச் சொல்லும், மீதி த-நி ஜோடியைச் சொல்லும். ஜோடிகள் ஆறே: 1-1, 1-2, 1-3, 2-2, 2-3, 3-3. பூஜ்யம் வந்தால் முதல் ஜோடி. கல்யாணி 65. அதில் 36 போக 29, ஒன்று குறைய 28. ஈவு 4, மீதி 4. இரண்டுமே ஐந்தாவது ஜோடி: ரி2 க3, த2 நி3.

பெயரிலிருந்து எண்ணை எடுக்கும் கடபயாதியில்தான் தமிழில் படிக்கிறவர்கள் வழுக்குகிறார்கள். பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கும் எண் போட்டு, அதைத் திருப்பிப் படித்தால் மேள எண். வடமொழியில் க, த ஒவ்வொன்றும் நான்கு வகை, தமிழில் ஒரே எழுத்து. கரஹரப்ரியாவின் முதல் எழுத்து வடமொழியின் இரண்டாவது க, மதிப்பு 2. ர-வும் 2. ஆக 22. நம் எழுத்தைப் பார்த்து முதல் க என்று 1 போட்டால், திருப்பும்போது 21 வரும், அது கீரவாணி. தீரசங்கராபரணத்தின் தீ நான்காவது த, மதிப்பு 9. முதல் த என்று 6 போட்டால் 29-க்குப் பதில் 26, சாருகேசியில் போய் நிற்பீர்கள். க², த⁴ என்று எண் போட்டு அச்சிடுவது இதற்காகத்தான். அந்த எண்ணை விட்டுவிட்டு நோட்ஸ் எழுதாதீர்கள்.

இன்னொன்று, கனகாங்கி, ரத்னாங்கி என்ற பெயர்ப் பட்டியலைத் தஞ்சை வேங்கடமகி மேல் ஏற்றி எழுதுவார்கள். 72 என்ற கணக்குதான் அவருடையது. அந்தப் பெயர்கள் கோவிந்தரின் சங்கிரக சூடாமணி என்ற நூலில் வருபவை. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் வழியில் பட்டியலே வேறு. அங்கே 22-ஆம் மேளம் ஸ்ரீராகம்.

பாலை திரிதலை, அதாவது ஒரு பண்ணின் வேறொரு சுரத்தை சட்ஜமாக்கிப் புதுப் பண் பெறும் பழந்தமிழ் முறையை, புத்தகத்தை வைத்து மட்டும் படித்தால் ஏறவே ஏறாது. சுருதிப் பெட்டியை 1 கட்டையில் (கட்டை என்பது சட்ஜம் நிற்கும் உயரத்தின் அளவு) வைத்து ஹரிகாம்போஜி, அதாவது செம்பாலை, பாடுங்கள். அதன் ரிஷபத்தை சட்ஜமாக்கி அதே சுரங்களைப் பாடினால் படுமலைப்பாலை, இன்றைய நடபைரவி. பெட்டியை 2 கட்டைக்கு ஏற்ற மறந்தால் பழைய சட்ஜமே காதில் நின்று, ஹரிகாம்போஜிதான் கேட்கும். பலர் இங்கேதான் “எனக்கு வரவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். மத்யமத்துக்கு 4 கட்டை, சங்கராபரணம். பஞ்சமத்துக்கு 5, கரஹரப்ரியா. தைவதத்துக்கு 6, தோடி. நிஷாதத்துக்கு 6½, கல்யாணி.

காந்தாரத்துக்கு 3 கட்டை வைத்தால் மட்டும் பஞ்சமம் கிடைக்காது, இரண்டு மத்யமம் வரும். ஹரிகாம்போஜியின் காந்தாரத்திலிருந்து அதன் கைசிகி நிஷாதம் (நி2) ஆறு அரைச்சுரம்தான்; பஞ்சமத்துக்கு ஏழு வேண்டும். தேர்வில் “ஏன்” என்று கேட்டால் இந்தக் கணக்கை எழுதுங்கள்.