வாசகர் கேள்வி பதில்: ஜெபாலயத்தில் பத்தாவது ஆள்

கேள்வி: 2018-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யூத ஜெபாலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்று படித்தேன். ஏன் அப்படி? – தூத்துக்குடி வாசகர்

பதில்: அவர்கள் நேரத்துக்கு வந்துவிடுகிறவர்கள். அதுதான் காரணம்.

அன்று அக்டோபர் 27, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை. ஸ்குவிரல் ஹில் பகுதியில் இருந்த அந்தக் கட்டடத்தில் ட்ரீ ஆஃப் லைஃப், நியூ லைட், டோர் ஹடாஷ் என மூன்று சபைகள் தனித்தனியே கூடிவந்தன. காலை 9.45-க்கு வழிபாடு. பத்து மணிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் சுட ஆரம்பித்துவிட்டான். இறந்தவர்கள் 54 முதல் 97 வயது வரையிலானவர்கள்.

யூத வழிபாட்டில் சில பகுதிகளைச் சொல்ல வயது வந்த பத்துப் பேர் இருந்தாக வேண்டும். இதை மின்யான் என்பார்கள். பையன்களுக்கு 13 வயது ஆனால் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். பழமை பேணும் சபைகளில் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள், மற்ற சபைகளில் பெண்களையும் சேர்த்து எண்ணுவார்கள். ஒன்பது பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் தனியாக ஜெபிக்கலாம். ஆனால் யூதர்களின் முதன்மை மறைநூலான தோராவைச் சுருளிலிருந்து முறைப்படி வாசிக்க முடியாது, இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதீஷ் ஜெபத்தையும் சொல்ல முடியாது. அப்பாவை இழந்த ஒருவர் பதினொரு மாதம் கதீஷ் சொல்ல வருவார். அவர் வாய் திறக்க இன்னும் ஒன்பது பேர் வந்திருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு சபையிலும் மழையோ பனியோ தவறாமல் முதலில் வந்து உட்காரும் சிலர் இருப்பார்கள். புத்தகங்களை எடுத்து வைப்பார்கள், புதிதாக வந்தவருக்குப் பக்கம் காட்டுவார்கள். கூட்டம் மெதுவாகத்தான் சேரும். அன்று துப்பாக்கிக்கு முன் நின்றவர்கள் அந்த முதல் வரிசை மனிதர்கள்.

ஆகவே இழப்பு 11 என்ற எண்ணோடு நிற்கவில்லை. நியூ லைட் சிறிய சபை. அது இழந்த மூவரும் வழிபாட்டை முன்னின்று நடத்திவந்தவர்கள். தோராச் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை, ராகக் குறிகளும் இல்லை, மெய்யெழுத்துகள் மட்டும்தான். வாசிப்பவர் உச்சரிப்பையும் ராகத்தையும் முன்பே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். சுருளின் தோலில் விரல் படக்கூடாது என்பதால், நுனியில் சிறு கை வடித்த வெள்ளிக் கோலால் வரியைத் தொடர்வார். பக்கத்தில் இருவர் நின்று அச்சுப் புத்தகத்தைப் பார்த்துப் பிழை திருத்துவார்கள். புதியவர் ஒரு பகுதிக்குத் தயாராகவே வாரக்கணக்கில் ஆகும். தெரிந்தவர்கள் போய்விட்டால், கட்டடமும் சுருளும் பத்திரமாக இருந்தும் அடுத்த சனிக்கிழமை வழிபாடு நடக்காது. மிச்சமிருந்தவர்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு அந்த இடங்களை நிரப்பினார்கள். வெறுப்புக்கு அந்தச் சபை தந்த பதில்களில் இதைவிடப் பெரியது எங்களுக்குத் தெரியவில்லை.

கேள்வி: மற்ற மதத்தவர்கள் என்ன செய்தார்கள்? – மேலப்பாளையம் வாசகர்

பதில்: முஸ்லிம் அமைப்புகள் இணையத்தில் திரட்டிய நிதி 2 லட்சம் டாலரைத் தாண்டியது. பிட்ஸ்பர்க் இஸ்லாமிய மையத்தின் தலைமை நிர்வாகி, ஜெபாலயத்துக்கு வெளியே காவல் நிற்க ஆள் வேண்டுமா, கடைக்குப் போகத் துணை வேண்டுமா, சொல்லுங்கள், வருகிறோம் என்று இரங்கல் கூட்ட மேடையிலேயே சொன்னார். போஸ்ட் கெசட் நாளிதழ் நவம்பர் 2 அன்று கதீஷின் முதல் சொற்களை எபிரேய எழுத்திலேயே முதல் பக்கத்தில் அச்சிட்டது. அந்த ஜெபத்தில் சாவு என்ற சொல்லே கிடையாது, பெரும்பாலும் இறைவனைப் புகழ்வதுதான். கட்டடம் மூடப்பட்டதால், அடுத்த ஆண்டுப் பெருநாட்களுக்கு கால்வரி எபிஸ்கோபல் தேவாலயம் தன் கூடத்தை ட்ரீ ஆஃப் லைஃப் சபைக்குத் தந்தது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, பிட்ஸ்பர்க் யூதர்கள் அவர்களுக்காக நிதி திரட்டினார்கள்.

கேள்வி: என் மகள் பாஸ்டனில் படிக்கிறாள். அவளுடைய யூதத் தோழியின் தந்தை இறந்துவிட்டார். 'ஷிவா' வீட்டுக்கு வரச் சொல்கிறார்களாம். எப்படி நடந்துகொள்ள வேண்டும்? – திருச்சி வாசகி

பதில்: அவசியம் போகச் சொல்லுங்கள். ஷிவா என்றால் எபிரேயத்தில் ஏழு. அடக்கத்துக்குப் பிறகு ஏழு நாள் குடும்பத்தினர் வீட்டிலேயே தாழ்வான இருக்கையில் அமர்ந்திருப்பார்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருப்பார்கள். துக்கம் கேட்க வருபவர்களுக்காகக் கதவு பூட்டாமல் இருக்கும். மணி அடிக்காமல் உள்ளே போகலாம். போனதும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். துக்கத்தில் இருப்பவர் பேசட்டும், அதன் பிறகு இவள் பேசலாம். "காலம் ஆற்றும்" வகை ஆறுதல்களைவிட, இறந்தவரைப் பற்றி உங்கள் மகளுக்கு நினைவில் இருக்கும் ஒரு சின்ன விஷயம் மேல். அரை மணி நேரம் போதும். அவர்கள் எழுந்து உபசரிப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பூ வேண்டாம், அது அவர்கள் வழக்கமில்லை. சாப்பாடு கொண்டுபோகலாம். தவறு நடப்பது இதில்தான். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேராது, பன்றியும் இறாலும் கூடவே கூடாது. அந்த விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் வீட்டில் வெளி அடுப்பில் சமைத்த எதையும் தொடமாட்டார்கள். கோஷர் முத்திரையோடு கடையில் விற்கும் பண்டமோ முழுப் பழங்களோ பத்திரம். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாள், அப்போது துக்கம் கேட்கப் போகக் கூடாது. மாலையில் கதீஷ் சொல்ல அந்த வீட்டிலேயே பத்துப் பேரைக் கூட்டுவார்கள். யூதர் அல்லாதவரைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்றாலும் அறையில் அமைதியாக எழுந்து நிற்கலாம்.

கேள்வி: தாக்குதல் நடந்த வாரத்தில் ஆதரவு காட்ட ஜெபாலயத்துக்கு நேரில் போகலாமா? வாசலில் தடுப்பார்களாமே? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: போகலாம். ஆனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாலைந்து நாள் முன்பே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பெயரையும் எத்தனை பேர் என்பதையும் தெரிவியுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், முதுகுப்பையை வீட்டில் வைத்துவிடுங்கள். வாசலில் கேள்வி கேட்பவர் பெரும்பாலும் அந்தச் சபையின் தொண்டர். பதில் சொல்லிவிட்டு "சபாத் ஷாலோம்" என்று ஓய்வுநாள் வாழ்த்துச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஆண்கள் தலையில் குல்லா வைக்க வேண்டும், வாசலிலேயே தருவார்கள். உள்ளே கைபேசி, படம், குறிப்பெழுதுவது எதுவும் கூடாது. ஓய்வுநாளில் காசைத் தொடமாட்டார்கள், நன்கொடையை வேறு நாளில் அனுப்புங்கள். எபிரேயப் புத்தகம் வலப்பக்கமிருந்து திறக்கும். சுருள் இருக்கும் பேழை திறந்தால் எல்லோரோடும் எழுந்து நில்லுங்கள். முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கிதூஷ் என்ற சிற்றுண்டி இருக்கும், பழக்கம் ஏற்படுவது அங்கேதான். இஸ்ரேல் அரசியலுக்கு அவர்களிடம் விளக்கம் கேட்கப் போகும் இடமல்ல அது.

வாசல் கெடுபிடியைத் தப்பாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் ஹாலே நகரில் 2019 அக்டோபர் 9, பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர். உள்ளே 50 பேர் அளவில் இருந்தார்கள், வெளியே போலீஸ் காவல் இல்லை. துப்பாக்கியோடு வந்தவன் கதவின் பூட்டை நோக்கிச் சுட்டான், வெடிபொருள் வீசினான். மரக்கதவு தாங்கியது. உள்ளே இருந்தவர்கள் கேமரா திரையில் அவனைப் பார்த்துக்கொண்டே கதவுக்குப் பின்னால் நாற்காலிகளை அடுக்கினார்கள். உள்ளே புக முடியாதவன் தெருவில் ஒரு பெண்ணையும், டோனர் கபாப் கடையில் ஓர் இளைஞரையும் கொன்றான். பிறகு யூத மாணவர்கள் அந்தக் கடைக்காக நிதி திரட்டினார்கள்.

பாதுகாப்பு பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான் கோட்டை விடும். சமையல் சாமான் இறக்கப் பின்கதவைத் திறந்தே வைப்பது ஒன்று, அவசர வழியில் நாற்காலி அடுக்குவது இன்னொன்று. ஓய்வுநாள் என்று யாரிடமும் கைபேசி இல்லாமல் போவதும் உண்டு. உயிர் காக்க ஓய்வுநாள் விதியை மீறலாம் என்பதல்ல, மீறியே ஆக வேண்டும் என்பது யூத சமய விதி. பிட்ஸ்பர்க்கில் ட்ரீ ஆஃப் லைஃப் சபையின் ரபி (சமய குரு) ஜெஃப்ரி மையர்ஸ், பாதுகாப்பு அலுவலர் சொன்ன யோசனைப்படி சனிக்கிழமையும் கைபேசியை உடன் வைத்திருந்தார். அதில்தான் போலீஸை அழைத்தார்.

கேள்வி: நமக்குப் பக்கத்தில் பார்க்கக்கூடிய ஜெபாலயம்? – நாகர்கோவில் வாசகர்

பதில்: கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம். தரையில் சீனாவிலிருந்து வந்த, கையால் நீல வண்ணம் தீட்டிய ஓடுகள். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சனிக்கிழமை பார்வையாளர்களுக்கு இல்லை. உள்ளூர் யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் அங்கே பத்துப் பேர் சேர்வதே அரிது. வெளியூர் யூதர்கள் வந்து எண்ணிக்கை நிரம்பும் நாளில் முழு வழிபாடு நடக்கும்.